ஷேர்டு ஜிபியு மெமரி: உங்க ரேம்ல கிராபிக்ஸ் எவ்வளவு எடுக்குது, எதை மாத்தணும், எதைத் தொடக்கூடாது

டாஸ்க் மேனேஜர்ல ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) மெமரி 8.2 ஜிபின்னு காட்டுது, அப்ப என்கிட்ட 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு இருக்கா, இருந்தா ஏன் கேம் இப்படித் திணறுது? லேப்டாப் வெச்சிருக்கறவங்க கேக்கற கேள்வியில பாதி இதுதான். இல்லைங்க, உங்ககிட்ட 8 ஜிபி கார்டு கிடையாது. அந்த 8.2ல பெரும்பங்கு நீங்க ஏற்கனவே காசு குடுத்து வாங்கின ரேம்தான், அதையே இன்னொரு பேர்ல திருப்பிக் காட்டுது. சில விளம்பரங்கள்ல இந்த எண்ணை அப்படியே தூக்கி "8 ஜிபி கிராபிக்ஸ்"னு போட்டுடறாங்க, படிக்கறவங்க நம்பி வாங்கிடறாங்க, அதனால இது எப்படி வேலை செய்யுது, எதை மாத்தினா பலன் இருக்கு, எதை மாத்தினா வெறும் நம்பர் மட்டும் மாறும்னு ஒரே இடத்துல எழுதிடறேன்.

முதல்ல உங்க மெஷின்ல என்ன இருக்குன்னு பாருங்க

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்குங்க, டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய் இடதுபக்கம் அடியில இருக்கற ஜிபியு 0ங்கறதை கிளிக் பண்ணுங்க. கீழ மூணு எண் இருக்கும்: ஜிபியு மெமரி, டெடிகேட்டட் ஜிபியு மெமரி, ஷேர்டு ஜிபியு மெமரி.

16 ஜிபி ரேம் போட்ட, தனி கார்டு இல்லாத ஒரு ஏஎம்டி ரைசன் லேப்டாப்பை எடுத்துக்குவோம். டெடிகேட்டட்ங்கற இடத்துல 0.5 ஜிபின்னு இருக்கும், ஷேர்டுங்கற இடத்துல 7.7 ஜிபி, மேல ரெண்டையும் கூட்டி 8.2 ஜிபி. இந்த 0.5 ஜிபியை மெஷின் ஆன் ஆகறப்பவே பயாஸ் (விண்டோஸுக்கு முன்னாடி ஓடற, போர்டுலயே இருக்கற சாஃப்ட்வேர்) ரேம்ல இருந்து வெட்டி எடுத்து கிராபிக்ஸுக்குன்னு தனியா வெச்சிடும், விண்டோஸ் அதைத் தொடவே முடியாது. அதே டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கத்துக்குப் போனா ஹார்டுவேர் ரிசர்வ்டுன்னு ஒரு வரி இருக்கும், வெட்டின பங்கு அங்க போய் உக்காந்திருக்கும். செட்டிங்ஸ்ல சிஸ்டம், அபவுட்ல போய் பாத்தா 16 ஜிபி, அதுல 15.3 ஜிபி யூஸபிள்னு வர்றதும் இதனாலதான், ரேம்ல கோளாறுன்னு பயந்து சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிட்டு ஓட வேண்டாம்.

அந்த 7.7 ஜிபி கதை வேற. அது ஒதுக்கி வெச்ச இடமில்ல, உச்சவரம்பு. மீதி ரேம்ல பாதி வரைக்கும் கிராபிக்ஸ் வேணும்னா எடுத்துக்கலாம்னு விண்டோஸ் போட்ட கோடு, அவ்வளவுதான். கேம் ஓடலைன்னா அதுல கொஞ்சூண்டுதான் பயன்பாட்டுல இருக்கும், மீதி முழுக்க குரோமுக்கும் வேர்டுக்கும் தாராளமா கிடைக்கும். "ஷேர்டு 7.7ன்னு காட்டுதே, என் ரேம்ல பாதி போச்சே"ன்னு கவலைப்படறவங்க நிறைய பேர், போகலை. பயன்பாட்டுல எவ்வளவுன்னு தெரியணும்னா சாய்கோட்டுக்கு முன்னாடி இருக்கற எண்ணைப் பாருங்க, 0.6/7.7ன்னா இப்போதைக்கு 0.6 ஜிபிதான் போயிருக்கு.

இன்டெல் லேப்டாப்பா இருந்தா டெடிகேட்டட் எண்ணை டாஸ்க் மேனேஜர் பெரும்பாலும் காட்டவே காட்டாது, ஷேர்டு மட்டும்தான் இருக்கும். டிஸ்ப்ளே அடாப்டர் ப்ராபர்ட்டீஸ்க்குள்ள போனா டெடிகேட்டட் வீடியோ மெமரி 128 எம்பின்னு வரும். அதைப் பாத்து "வெறும் 128 எம்பி கார்டை என் தலையில கட்டிட்டாங்க"ன்னு நினைக்காதீங்க, இன்டெல்லோட வழக்கமே சின்னதா ஒரு பங்கை முன்கூட்டி எடுத்துட்டு மீதியை தேவைக்கேத்த மாதிரி ஓடறப்ப வாங்கிக்கறதுதான். டிவிஎம்டின்னு அதுக்குப் பேர், இருபது வருஷத்துக்கும் மேல இப்படித்தான் நடக்குது.

ஏன் இப்படிப் பகிர்ந்துக்கறாங்க

தனி கிராபிக்ஸ் கார்டுல ஜிபியு சிப்பைச் சுத்தி அதுக்குன்னே ஜிடிடிஆர் மெமரி சிப்புகள் இருக்கும். ப்ராசஸருக்குள்ளயே இருக்கற கிராபிக்ஸுக்கு அப்படி எதுவும் கிடையாது, மதர்போர்டுல இருக்கற அதே ரேம்தான் ரெண்டுக்கும். செலவு குறையும், கரன்ட் குறையும், லேப்டாப் மெல்லிசா இருக்கும். இதொண்ணும் நேத்து வந்த விஷயமில்ல, 1999ல இன்டெல்லோட 810 சிப்செட்லயே இப்படித்தான். அதுக்கும் முன்னாடி 1997 வாக்குல ஏஜிபின்னு கிராபிக்ஸ் கார்டுக்குன்னே ஒரு ஸ்லாட் போட்ட போர்டுகள் வந்தப்ப தனி கார்டே ரேம்ல இருக்கற டெக்ஸ்சரை (கேம்ல பொருள் மேல ஒட்டற படங்களை) நேரா படிக்கற மாதிரி பண்ணினாங்க, அந்தக் கால பயாஸ்ல ஏஜிபி அப்பர்ச்சர் சைஸ், 64 எம்பியா 128 எம்பியான்னு ஒரு ஆப்ஷன் இருந்தது பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதுவும் உச்சவரம்புதான், ஒதுக்கீடு இல்ல, அப்பவும் ஜனங்க அதை ஒதுக்கீடுன்னு நினைச்சுதான் குழம்பினாங்க.

2004 கடைசியில என்விடியா டர்போகேஷ்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, ஜிஃபோர்ஸ் 6200 கார்டுல. கார்டு மேல 16 எம்பியோ 32 எம்பியோதான் உண்மையான மெமரி, ஆனா பெட்டி மேல 128 எம்பி சப்போர்ட்னு போட்டிருக்கும், மிச்சம் உங்க ரேம்ல இருந்து. போட்டிக் கம்பெனி ஏடிஐயும் ஹைப்பர்மெமரின்னு அதையே பண்ணினாங்க. இன்னிக்கு விளம்பரத்துல ஷேர்டு எண்ணைச் சேர்த்துப் போடறது அதோட தொடர்ச்சிதான், ஸ்பெக் படிக்கறப்ப டெடிகேட்டட்ங்கற வார்த்தை எங்க இருக்குன்னு தேடிப் பாருங்க, இல்லைன்னா அது கடன் வாங்கின மெமரி.

அளவை விடுங்க, வேகத்தைப் பாருங்க

ஷேர்டு மெமரி விஷயத்துல ஜனங்க முழுக்க முழுக்க ஜிபி கணக்கையே பேசறாங்க, ஆனா கேம் ஓடறதையும் ஓடாததையும் தீர்மானிக்கறது பெரும்பாலும் ஒரு செகண்டுக்கு எவ்வளவு டேட்டா போய் வருதுங்கறதுதான். டிடிஆர்4 3200 ரேம் ஒரே ஒரு ஸ்டிக் போட்டா செகண்டுக்கு 25.6 ஜிபி. ரெண்டு ஸ்டிக் போட்டு டூயல் சேனல் (ரெண்டு பாதை) ஆக்கினா 51.2 ஜிபி. டிடிஆர்5 5600 ரெண்டு ஸ்டிக்னா 89.6 ஜிபி. இப்ப தனி கார்டைப் பாருங்க, ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கார்டுல செகண்டுக்கு 360 ஜிபி. அதுவும் அந்த 360 முழுக்க ஜிபியுவுக்கு மட்டும், இங்க 25.6ல ப்ராசஸருக்கும் பங்கு குடுக்கணும். ஒரே குழாய்ல ரெண்டு வீட்டுக்குத் தண்ணி போற மாதிரி, ஒருத்தர் மோட்டார் போட்டா அடுத்தவருக்கு சொட்டு சொட்டாதான் வரும்.

திரையை ஓட்டறதுக்கே இதுல ஒரு பங்கு போகும். 1080பி திரையில ஒரு ஃபிரேம் சுமார் 8 எம்பி, செகண்டுக்கு 60 தடவைன்னா அரை ஜிபி, 4கே மானிட்டர் 60 ஹெர்ட்ஸ்ல மாட்டினா 2 ஜிபி, நீங்க ஒண்ணுமே பண்ணாம வால்பேப்பரைப் பாத்துட்டு உக்காந்திருந்தாக்கூட.

அதனால இந்தக் கட்டுரையில ஒரே ஒரு விஷயத்தைத்தான் செய்வீங்கன்னா இதைச் செய்ங்க: உங்க லேப்டாப்ல ஒரு ரேம் ஸ்லாட் காலியா இருக்கான்னு பாருங்க. டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கத்துல ஸ்லாட்ஸ் யூஸ்டுன்னு இருக்கும், 1 ஆஃப் 2ன்னு வந்தா அங்கதான் உங்க கேம் மாட்டிட்டு இருக்கு. நிறைய 8 ஜிபி லேப்டாப்புகள் ஒரே ஸ்டிக்கோடதான் விக்கப்படுது, காலி ஸ்லாட்ல அதே அளவு, அதே வேகத்துல இன்னொண்ணு போட்டா கேம்ல வர்ற வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், பயாஸ்ல எந்த எண்ணை மாத்தினாலும் இவ்வளவு கிடைக்காது.

இதை நேர்லயே பாக்கலாம். இன்டெல் 11வது, 12வது ஜெனரேஷன் ஐ5 லேப்டாப்புகள்ல கிராபிக்ஸ் பேர் ஐரிஸ் எக்ஸ்இன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், ஆனா டிவைஸ் மேனேஜர்ல யுஹெச்டி கிராபிக்ஸ்னு காட்டும். ஏமாத்தல் இல்லை, ரேம் சிங்கிள் சேனல்ல இருந்தா இன்டெல் டிரைவரே அந்தப் பேரைத்தான் காட்டும். என் தங்கச்சி லேப்டாப்ல அடிமூடியைக் கழட்டி ரெண்டாவது 8 ஜிபியை மாட்டி ஆன் பண்ணினப்ப டிவைஸ் மேனேஜர்ல பேர் தானா ஐரிஸ் எக்ஸ்இன்னு மாறிடுச்சு, டிரைவர்கூட புதுசா போடலை. சிப் அதேதான், பாதை அகலமாச்சு, அவ்வளவுதான்.

ரெண்டு எச்சரிக்கை. டிடிஆர்5ல ஒரு ஸ்டிக்குக்குள்ளயே ரெண்டு 32 பிட் சேனல் இருக்கு, சிபியு இசட் மாதிரி டூல்ல ஒரே ஸ்டிக்குக்கு 2 x 32 பிட்னு காட்டும், அதைப் பாத்துட்டு டூயல் சேனல் ஏற்கனவே இருக்குன்னு விட்டுடாதீங்க, முழு அகலம்னா 4 x 32ன்னு வரணும். இன்னொண்ணு, 8 ஜிபி போர்டுலயே சோல்டர் ஆகி, காலி ஸ்லாட்ல 16 ஜிபி போட்டீங்கன்னா இன்டெல்ல முதல் 16 ஜிபி டூயலாவும் மிச்ச 8 ஜிபி சிங்கிளாவும் ஓடும். மோசம்னு சொல்ல மாட்டேன், அளவும் வேணும்னா அது நல்ல பேரம்தான், ஆனா வேகத்துக்குன்னா 8ம் 8ம்தான் சரி. மெல்லிசான லேப்டாப்புகள்ல எல்பிடிடிஆர் சிப்பை மொத்தமா சோல்டர் பண்ணியிருப்பாங்க, டாஸ்க் மேனேஜர்ல ஃபார்ம் ஃபேக்டர் ரோ ஆஃப் சிப்ஸ்னு வரும், அங்க நீங்க பண்றதுக்கு ஒண்ணுமில்ல, பெரும்பாலும் அகலமான பாதைதான் ஏற்கனவே இருக்கும்.

பயாஸ்ல எவ்வளவு ஒதுக்கலாம்

உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு வேலை. பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வெக்கற விண்டோஸ் வசதி) ஆன்ல இருக்கான்னு பாருங்க, இருந்தா ரெக்கவரி கீயை வேற ஒரு போன்லயோ பேப்பர்லயோ எடுத்து வெச்சுக்குங்க. பயாஸ் செட்டிங்கை மாத்தினதும் சில சமயம் விண்டோஸ் அந்த 48 இலக்க எண்ணைக் கேட்டு நிக்கும், அது கையில இல்லைன்னா டேட்டா உள்ளயே மாட்டிக்கும்.

டெஸ்க்டாப்னா ஆன் பண்ணினதும் டிலீட் இல்லைன்னா எஃப்2, லேப்டாப்னா கம்பெனிக்குத் தகுந்த மாதிரி எஃப்2, எஃப்10, எஸ்கேப். கீ மாட்டலைன்னா விண்டோஸ்ல செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரில அட்வான்ஸ்டு ஸ்டார்ட்அப் குடுத்து டிரபிள்ஷூட் வழியா யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் போகலாம்.

ஏஎம்டியில தேட வேண்டிய பேர் யுஎம்ஏ ஃபிரேம் பஃபர் சைஸ். ஒவ்வொரு போர்டுலயும் ஒவ்வொரு மூலையில ஒளிச்சு வெச்சிருப்பாங்க, அட்வான்ஸ்டுக்குள்ள ஏஎம்டி சிபிஎஸ், என்பிஐஓ, ஜிஎஃப்எக்ஸ் கான்ஃபிகரேஷன்னு போற வழி நிறைய போர்டுக்குப் பொருந்தும். முதல்ல மோடை ஆட்டோல இருந்து ஸ்பெசிஃபைடுக்கு மாத்தினாதான் அளவு கேக்கற வரியே வெளிய வரும். இன்டெல்ல சிஸ்டம் ஏஜென்ட் கான்ஃபிகரேஷன், கிராபிக்ஸ் கான்ஃபிகரேஷன், டிவிஎம்டி ப்ரீ அலொகேட்டட். பிராண்டட் லேப்டாப்புகள்ல பல நேரம் இந்த வரியே இருக்காது. ஒளிஞ்சிருக்கற மெனுவைத் திறக்கற டூல்கள் இருக்கு, தயவுசெஞ்சு அது பக்கம் போகாதீங்க, தப்பா ஒரு எண்ணை எழுதிட்டா போர்டு ஆன் ஆகாமயே போற வாய்ப்பு இருக்கு, கிடைக்கப்போற லாபத்துக்கு அந்த ரிஸ்க் தேவையே இல்லை.

ஏன் லாபம் கம்மின்னு சொல்றேன்னா, நீங்க ஒதுக்கற டெடிகேட்டடும் விண்டோஸ் குடுக்கற ஷேர்டும் ஒரே ரேம் சிப்ல, ஒரே வேகத்துலதான் இருக்கு. 512 எம்பியை 4 ஜிபி ஆக்கினா மெமரி வேகமாகாது, பேர்தான் மாறும். அப்ப எதுக்கு மாத்தணும்னா, சில கேம்கள் டெடிகேட்டட் எண்ணை மட்டும் பாத்துட்டு "உங்ககிட்ட போதுமான விரேம் (கிராபிக்ஸ் மெமரி) இல்லை"ன்னு திறக்கவே மாட்டேங்கும், இல்லைன்னா டெக்ஸ்சரை தானா ரொம்பக் கீழ இறக்கிடும், அந்த மாதிரி கேம்களுக்கு இது நல்ல பலன் தரும்.

என் கருத்துல 8 ஜிபி ரேம் மெஷின்ல ஆட்டோவுலயே விட்டுடுங்க. 2 ஜிபியை வெட்டி எடுத்தா விண்டோஸுக்கு 6 ஜிபிக்குக் கீழதான், குரோம் நாலு டேப் திறந்தாலே பேஜ் ஃபைல்ல (ரேம் பத்தாதப்ப டிஸ்க்ல எழுதற இடம்) போய் டிஸ்க்கை உழ ஆரம்பிச்சிடும், கேம் ஓடாத நேரத்துலயும் அந்த 2 ஜிபி திரும்பக் கிடைக்காது. 16 ஜிபின்னா 2 ஜிபி தாராளமா குடுக்கலாம், கேம் மட்டும்தான் ஓட்டுவேன்னா 4 வரைக்கும் போகலாம். 32 ஜிபி இருக்கறவங்க 4ல இருந்து 8 வெச்சுக்கிட்டா ஒண்ணும் குறைஞ்சிடாது. இன்னொண்ணையும் கவனிங்க, டெடிகேட்டடை ஏத்தினா ஷேர்டு வரம்பு குறையும், ஏன்னா அது மீதியில பாதி. 16ல 4 வெட்டினா மீதி 12க்குக் கொஞ்சம் கீழ, ஷேர்டு 6க்குக் கொஞ்சம் கீழ.

சேவ் பண்ணி வெளிய வந்ததும் டாஸ்க் மேனேஜர்ல பாத்து உறுதி பண்ணிக்குங்க. ஸ்டீம் டெக் வெச்சிருக்கறவங்களுக்கும் இதே யுஎம்ஏ வரிதான், மொத்தம் 16 ஜிபில கம்பெனியில இருந்து வர்றப்ப 1 ஜிபி இருக்கும், 4 ஜிபிக்கு மாத்தலாம், சில கேம்ல நல்லது, சில கேம்ல வித்தியாசமே இல்லை, போட்டுப் பாத்து முடிவு பண்ணுங்க.

ரெஜிஸ்ட்ரி வீடியோக்களைப் பத்தி

"ஒரே நிமிஷத்துல விரேம் 2 ஜிபி ஆக்குவது எப்படி"ன்னு சுத்தற வீடியோக்கள்ல ரெஜிஸ்ட்ரில இன்டெல்லுக்குக் கீழ ஜிஎம்எம்னு ஒரு கீ போட்டு, டெடிகேட்டட் செக்மென்ட் சைஸ்னு ஒரு எண் எழுதச் சொல்வாங்க. அது மெமரியைக் கூட்டாது. கேம் கேக்கறப்ப சொல்ற எண்ணை மட்டும்தான் மாத்தும். திறக்கவே மாட்டேன்னு அடம்பிடிக்கற பழைய கேமைத் திறக்க வெக்க அது போதும், அந்த அளவுக்கு அது உபயோகம்தான், ஆனா எஃப்பிஎஸ் (செகண்டுக்கு வர்ற ஃபிரேம்) ஒண்ணுகூட ஏறாது. விண்டோஸ் போடற அந்த பாதி வரம்பை ஏத்தணும்னா பொதுவா ஒரே வழி ரேமைக் கூட்டறதுதான். விலக்கு சில புது சிப்புகள்ல இருக்கு, கீழ சொல்றேன்.

ரீசைசபிள் பார்னு ஒண்ணையும் இதோட சேர்த்துக் குழப்பிக்கறாங்க. அது நேர் எதிர் திசை, கார்டோட விரேமை ப்ராசஸர் 256 எம்பி ஜன்னல் வழியா துண்டுதுண்டா பாக்காம முழுசா பாக்க விடற விஷயம். ஆன் பண்ணி வெக்கறது நல்லது, ஆனா அதனால மெமரி அளவு கூடாது.

தனி கார்டு இருந்தாலும் ஷேர்டு ஏன் காட்டுது

ஆர்டிஎக்ஸ், ரேடியான் கார்டு வெச்சிருக்கறவங்களுக்கும் டாஸ்க் மேனேஜர்ல ஷேர்டு எண் வரும். அது விரேம் நிரம்பினா கொட்டி வெக்கற இடம். தினசரி ஓட்டத்துலயே சில நூறு எம்பி அதுல இருக்கும், டேட்டாவை கார்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி அங்க வெச்சுதான் அனுப்புவாங்க, அது சாதாரணம். கவலைப்பட வேண்டியது எப்பன்னா, டெடிகேட்டட் 3.8/4.0ன்னு முட்டிட்டு நிக்க, ஷேர்டு கோடு மட்டும் மேல மேல ஏறிட்டே போறப்ப.

அப்ப என்ன ஆகுதுன்னா, கார்டு தன்னோட டேட்டாவை பிசிஐ எக்ஸ்பிரஸ் (கார்டு மாட்டற ஸ்லாட்) வழியா ரேம்ல போய் எடுத்துட்டு வரணும். அதோட 4.0 வெர்ஷன்ல 16 லேன் (டேட்டா போற பாதை) முழுசா இருந்தாலும் செகண்டுக்கு 32 ஜிபி பக்கம்தான், கார்டு மேல இருக்கற மெமரியோட ஒப்பிட்டா பத்துல ஒரு பங்கு. 2022 ஜனவரியில வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டு இதுக்குக் கண்கூடான உதாரணம். 4 ஜிபி விரேம், வெறும் 4 லேன். 4.0 போர்டுல மாட்டினா செகண்டுக்கு 8 ஜிபி பக்கம் வரும், ஆனா பட்ஜெட் கார்டு வாங்கறவங்க கிட்ட இருக்கறது பெரும்பாலும் பழைய 3.0 போர்டு, அங்க செகண்டுக்கு 4 ஜிபிதான். விரேம்குள்ள அடங்கற கேம்ல பிரச்சனை இல்லை, 4 ஜிபியைத் தாண்டின அடுத்த நொடி அதே கார்டு பழைய போர்டுல பெரிய அளவுல பின்தங்கறதை அப்ப வந்த ரிவ்யூ எல்லாமே காட்டுச்சு. பழைய போர்டுக்குக் கார்டு வாங்கறவங்க விரேம் அளவோட லேன் எண்ணிக்கையையும் பாக்கணும்னு நான் திரும்பத் திரும்பச் சொல்றது இதனாலதான்.

அறிகுறி எப்படி இருக்கும்னா சராசரி எஃப்பிஎஸ் நல்லாதான் காட்டும், ஆனா கேமராவைத் திருப்பறப்ப, புது ஏரியாக்குள்ள நுழையறப்ப சட்டுனு நின்னு நின்னு போகும். சரிபண்ண முதல்ல டெக்ஸ்சர் குவாலிட்டியை ஒரு படி இறக்குங்க, விரேமைத் தின்றதுல பெரும்பங்கு அதுதான், படத்தோட அழகு நீங்க பயப்படற அளவுக்குக் குறையாது. எல்லாத்தையும் மொத்தமா லோவுல போடறது தேவையில்லாத தண்டனை. ரே டிரேசிங்கும் ஃபிரேம் ஜெனரேஷனும் விரேம் கேக்கும், 4 ஜிபி, 6 ஜிபி கார்டுல அதை அணைச்சிடுங்க. பின்னாடி ஓடற பிரவுசர், டிஸ்கார்டு எல்லாமே விரேம்ல பங்கு வெச்சிருக்கும், மூடிட்டு விளையாடுங்க.

வீட்லயே ஏஐ மாடல் ஓட்டறவங்களுக்கு

இப்ப இந்தக் கேள்வி அதிகமா வர்றது இங்கருந்துதான். முன்னாடி விரேம் பத்தலைன்னா அவுட் ஆஃப் மெமரின்னு எரர் அடிச்சு நின்னுடும். 2023ல வந்த என்விடியா டிரைவர்கள்ல இருந்து, நிக்காம மிச்சத்தை ரேம்ல கொட்டி ஓட்ட ஆரம்பிச்சுது. கேக்க நல்லாதான் இருக்கு, ஆனா நேத்து வரைக்கும் கொஞ்ச நேரத்துல வந்த படம் இன்னிக்கு ஆமை வேகத்துல வருது, ஏன்னும் தெரியாது, எரரும் இல்லை. அந்த வருஷக் கடைசியில 546.01 டிரைவர்ல இதை அணைக்கற வசதியைக் குடுத்தாங்க. என்விடியா கன்ட்ரோல் பேனல்ல மேனேஜ் 3டி செட்டிங்ஸ் போய் குடா சிஸ்மெம் ஃபால்பேக் பாலிசின்னு இருக்கறதைத் தேடுங்க, ப்ரிஃபர் நோ சிஸ்மெம் ஃபால்பேக்னு மாத்துங்க. ப்ரோகிராம் செட்டிங்ஸ்ல போய் மாடலை ஓட்டற பைத்தான் ஃபைலுக்கு மட்டும் போட்டா இன்னும் நல்லது. இனிமே மெமரி பத்தலைன்னா எரர் வரும், வரட்டும், அப்பதான் படத்தோட சைஸைக் குறைக்கணுமா மாடலை மாத்தணுமான்னு உங்களுக்குத் தெரியும்.

சாட் மாடல்னா கணக்கு சுலபம். 8 பில்லியன் பாராமீட்டர் மாடல் 4 பிட்டுக்குச் சுருக்கினா சுமார் 5 ஜிபி வரும், அதுக்கு மேல கான்டெக்ஸ்டுக்கு (அதுவரை பேசினதை வெச்சுக்க) இடம் வேணும், நீளமான உரையாடல்னா அது ஏறிட்டே போகும். 6 ஜிபி கார்டுல இழுத்துப் பிடிச்சு அடங்கும், 8 ஜிபில நிம்மதியா ஓடும். அதைவிடப் பெரிய மாடல்னா டிரைவர் தானா கொட்டறதை நம்பாம, எல்எம் ஸ்டூடியோ மாதிரி டூல்ல ஜிபியு ஆஃப்லோட்ங்கற இடத்துல மாடலோட எத்தனை லேயர் (அடுக்கு) கார்டுக்குன்னு நீங்களே குறைச்சு வைங்க. மிச்ச லேயரை ப்ராசஸர் தன் ரேம்லயே வெச்சு நேரா கணக்குப் போடும், கார்டு ஒவ்வொரு தடவையும் பிசிஐ வழியா போய் எடுத்துட்டு வர்றதைவிட பெரும்பாலும் அது வேகம்.

டெஸ்க்டாப்ல ப்ராசஸர்லயும் கிராபிக்ஸ் இருந்தா இன்னொரு வழியும் இருக்கு. மானிட்டர் ஒயரைக் கார்டுல இருந்து கழட்டி மதர்போர்டு போர்ட்ல மாட்டுங்க. விண்டோஸ் திரை, பிரவுசர் எல்லாம் ரேமுக்குப் போயிடும், கார்டோட விரேம் கிட்டத்தட்ட முழுசா மாடலுக்குக் கிடைக்கும். கேம் விளையாட இது வேண்டாம், ஃபிரேமைத் திருப்பி அனுப்பற வேலை கூடும். அந்த உள் கிராபிக்ஸை நீங்க பயன்படுத்தவே போறதில்லைன்னா நேர் எதிரா பண்ணுங்க, பயாஸ்ல அதை டிஸேபிள் பண்ணிட்டா அது பிடிச்சு வெச்சிருந்த அரை ஜிபி ரேம் உங்களுக்குத் திரும்ப வரும்.

பெரிய ஷேர்டு மெமரி மெஷின்கள்

ஷேர்டுன்னாலே மட்டம்னு சொல்லிட முடியாது, பாதையை அகலமா போட்டா அது வேற லெவல். 2013ல வந்த பிஎஸ்4லயே ப்ராசஸருக்கும் கிராபிக்ஸுக்கும் சேர்த்து 8 ஜிபி ஜிடிடிஆர்5தான், செகண்டுக்கு 176 ஜிபி. ஆப்பிள் 2020ல எம்1 கொண்டு வந்தப்ப யூனிஃபைடு மெமரின்னு சொன்னதும் இதேதான், அடுத்த வருஷம் எம்1 மேக்ஸ்ல செகண்டுக்கு 400 ஜிபி வரைக்கும் போனாங்க. அங்க பயாஸ்ல ஒதுக்கறதுன்னு எதுவுமே கிடையாது, ஒரு டேட்டாவை ப்ராசஸர் எழுதினா ஜிபியு அதே இடத்துலயே படிக்கும், காப்பி எடுக்கற வேலையே மிச்சம். இருந்தாலும் மொத்தத்தையும் ஜிபியுவுக்குக் குடுக்காது, மேக்கும் ஒரு வரம்பு வெச்சிருக்கும், அதனால 16 ஜிபி மேக்ல 16 ஜிபி மாடலை ஓட்டலாம்னு கணக்குப் போடாதீங்க.

ஏஎம்டியில 2025ல வந்த ரைசன் ஏஐ மேக்ஸ் பிளஸ் 395 சிப்ல 256 பிட் அகலம், செகண்டுக்கு 256 ஜிபி, ரேம் 128 ஜிபி வரைக்கும். அதுல விண்டோஸ்லயே 96 ஜிபியை கிராபிக்ஸுக்கு ஒதுக்கலாம். பயாஸுக்குப் போக வேண்டியதுகூட இல்லை, ஏஎம்டி அட்ரினலின் சாஃப்ட்வேர்ல பெர்ஃபார்மன்ஸ், டியூனிங் போனா வேரியபிள் கிராபிக்ஸ் மெமரின்னு இருக்கும், எண்ணை மாத்தி ரீஸ்டார்ட் பண்ணினா போதும். ரைசன் ஏஐ 300 லேப்டாப்புகள்லயும் அந்த ஆப்ஷன் இருக்கு. இன்டெல் கோர் அல்ட்ரா வெச்சிருக்கறவங்க டிரைவரையும் இன்டெல் கிராபிக்ஸ் சாஃப்ட்வேரையும் புதுசாக்கிட்டுப் பாருங்க, ஷேர்டு ஜிபியு மெமரி ஓவர்ரைடுன்னு ஒரு ஸ்லைடர் வந்திருக்கும், மேல சொன்ன விலக்கு இதுதான், இது ஷேர்டு வரம்பையே நேரா ஏத்தும்.

லினக்ஸ்ல ஏஎம்டின்னா ஷேர்டு பங்குக்குப் பேர் ஜிடிடி, இயல்பா அங்கயும் ரேம்ல பாதிதான், கெர்னல் பாராமீட்டர்ல அதை ஏத்த முடியும். ஏஐக்காக வாங்கினவங்க பயாஸ்ல 512 எம்பி மட்டும் விட்டுட்டு ஜிடிடியை ஏத்தி வெச்சுக்கறது நல்ல முறை, மாடல் ஓடாத நேரத்துல மொத்த ரேமும் உங்க கையில இருக்கும்.

புதுசா லேப்டாப் வாங்கப் போறீங்க, தனி கார்டுக்கு பட்ஜெட் இல்லைன்னா கடையில மூணு விஷயம் மட்டும் கேளுங்க. ரேம் சோல்டர் ஆனதா ஸ்லாட்டா, ஸ்லாட்னா எத்தனை, இப்ப எத்தனை ஸ்டிக் போட்டிருக்கு. சோல்டர்னா பின்னாடி கூட்டவே முடியாது, அதனால 8 ஜிபி மாடலைத் தொடாதீங்க, காசு கொஞ்சம் கூடினாலும் 16 எடுத்துடுங்க. ரெண்டு ஸ்லாட் இருந்து ஒண்ணு காலின்னா 8 ஜிபி மாடலையே வாங்கி, ரெண்டாவது ஸ்டிக்கை நீங்க தனியா வாங்கிப் போடுங்க, ஆனா அடிமூடியைத் திறந்தா வாரன்டி போகுமான்னு பில் போடறதுக்கு முன்னாடியே கேட்டு எழுதி வாங்கிக்குங்க.